விசேஷம் இல்லாத நாளில் சொந்தக்காரர் வீட்டுக்கு: ஓய்வுக்குப் பின் எங்கள் கார்ப் பயணம்

பணியில் இருந்த வரையில் சொந்தபந்தங்களையும் பழைய நண்பர்களையும் நாங்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில்தான். மேளச் சத்தத்துக்கும் மைக் சத்தத்துக்கும் நடுவில் நலம் விசாரித்து, மொய் எழுதி, பந்தியில் இடம் பிடித்துச் சாப்பிட்டு, “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான் அரசுப் பள்ளி ஆசிரியையாகவும் என் கணவர் வங்கி ஊழியராகவும் ஓய்வு பெற்ற பிறகு, அந்த வார்த்தையை நிஜமாகவே நிறைவேற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். ஒரே ஒரு நிபந்தனையை நாங்களே விதித்துக்கொண்டோம். யார் வீட்டிலும் எந்த விசேஷமும் இல்லாத நாளில்தான் போக வேண்டும். வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே, அவர்களுடைய நேரத்திலேயே பார்ப்பதுதான் பார்ப்பது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இப்படி ஒரு பயணத்துக்கு ஆசைப்படும் எங்கள் வயதுத் தம்பதிகளுக்குப் பயன்படட்டும் என்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மதுரையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் திசையில் கிளம்பினாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சேரக்கூடிய ஊர்களில்தான் நம் சனங்கள் இருப்பார்கள். தேனி ஏறத்தாழ 75 கிலோமீட்டர், இராஜபாளையம் 85, காரைக்குடி 90, கோவில்பட்டி 100, சிவகங்கை ஐம்பதுக்கும் குறைவு. ஆகவே எல்லா ஊரையும் ஒரே மூச்சில் சுற்றிவர வேண்டிய தேவையே இல்லை. தெற்கே ஒரு சுற்று, கிழக்கே ஒரு சுற்று, மேற்கே ஒரு சுற்று என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து துணி துவைத்து, மருந்து வாங்கி, நம் கட்டிலில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு அடுத்ததற்குக் கிளம்பலாம். அறுபதைத் தாண்டிய உடம்புக்கு இந்த இடைவெளி அவசியம்.

எந்த மாதத்தில் எந்தத் திசை என்பதைத்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வெயிலும் தாழ்ந்திருக்கும், அரையாண்டு விடுமுறைக்குப் பேரன் பேத்திகளும் வந்திருப்பார்கள். ஆனால் கார்த்திகை பிறந்தது முதல் மகரவிளக்கு முடியும் வரை தேனி, கம்பம், குமுளிச் சாலை முழுவதும் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களாக இருக்கும். அந்த நாள்களில் மலைப்பாதையில் போக்குவரத்தை ஒருவழியாக மாற்றிவிடுவதும் வழக்கம். அதேபோலத் தைப்பூசத்தை ஒட்டி, காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் இரவும் பகலும் நடந்துகொண்டிருப்பார்கள்; அந்த வழியில் இருட்டில் வண்டி ஓட்டுவது அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. ஆடியிலும் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் அப்போது தேனிப் பக்கம் அடிக்கும் காற்றும் புழுதியும் வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் கணக்கில் கொண்டு தெற்கையும் கிழக்கையும் மார்கழிக்கும், மேற்கை மாசிக்கும் ஒதுக்கினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எதிர்வெயில் கூசும். மதுரையிலிருந்து தேனிக்கு அதிகாலையில் கிளம்பினால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பிற்பகலில் திரும்பினாலும் முதுகுப் பக்கமே இருக்கும். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் போகிறவர்களுக்கோ இது நேர் எதிர். காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் வெயில் முகத்திலேயே அடிக்கும். அதனால் கிழக்குப் பயணத்தை ஒன்பதரை மணிக்குமேல்தான் தொடங்குவோம். அன்றே திரும்புவதானால் மூன்று மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுவோம். இருட்டிய பிறகு எதிர் வண்டிகளின் விளக்கொளி கண்ணைப் பறிக்கும் என்பதால், எந்தத் திசையானாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு வீட்டில் இருந்துவிட வேண்டும் என்பதில் என் கணவர் கண்டிப்பாக இருக்கிறார்.

ஓய்வு பெற்றவர்களின் கார் பெரும்பாலும் போர்ட்டிகோவிலேயே நிற்பது. ஓடாமலே டயர் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டால், பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொன்னால் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, பேட்டரி எத்தனை வருடப் பழையது, பானெட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பவற்றையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். உரிமம் காலாவதியான நிலையில் விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் வரும். சுங்கச்சாவடிகளைப் பொறுத்தவரை, ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் போய் நின்றால் கட்டணம் கூடும். 2025 நவம்பர் முதல் யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. தேசிய நெடுஞ்சாலைச் சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்குக் கட்டணம்தான். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, 200 முறை கடக்கும் வருடாந்திர பாஸ் எங்களைப் போலக் கப்பலூர், எட்டூர்வட்டம் சாவடிகளை எப்போதாவது கடப்பவர்களுக்கு அவசியமில்லை. பெங்களூரு, சென்னை என்று பிள்ளைகள் வீட்டுக்கு அடிக்கடி காரில் போகிறவர்களுக்கு ஆகும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, உடம்புக்கு ஒன்று என்றால் 108. இரண்டையும் காரின் டேஷ்போர்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர், வண்டியை ஓட்டுபவரும் அவரே. ஆகவே இந்தப் பயணத்தில் என் முதல் வேலை அவருடைய சர்க்கரை அளவைக் கவனிப்பது. ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பு ஒரு முறை, நீண்ட ஓட்டமானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவோம். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, மறுபடி பார்த்து, அளவு ஏறிய பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்பது எங்கள் மருத்துவர் சொல்லியிருப்பது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைச் சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். ஆனால் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், டீ குடிக்க இறங்கினாலும் அந்தப் பை என் தோளில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் தங்கினால், மண்பானைத் தண்ணீரில், உள்ளே நீர் புகாமல் ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவை மிதக்கவிட்டு அதற்குள் வைத்துவிடுவேன்.

விருந்தோம்பலில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நம்மவர்கள் “இதோ பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கூட்டு, இன்னும் ஒரு வறுவல் என்று அன்பினால் சமையலை நீட்டிக்கொண்டே போவார்கள். பன்னிரண்டரைக்குப் போட வேண்டிய இலை இரண்டரைக்குத்தான் விழும். ஆகவே எந்த வீட்டிலும் இலை போட்டுச் சோறு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஊசி போடுவோம். அதோடு, ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டுமே சாப்பாடு என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவேன். மற்ற வீடுகளில் மோர் அல்லது பால் காபி, அவ்வளவுதான். முதலில் சிலர் வருத்தப்பட்டார்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னதும், “நல்லதாப் போச்சு, அப்ப அடுப்படியில நிக்காம உக்காந்து பேசலாம்” என்றார் என் நாத்தனார். எழுபது வயதில் நமக்காக அடுப்படியில் வேகிறவர்களிடமிருந்து அந்த வேலையை நாம்தான் வாங்கி வைக்க வேண்டும்.

தெற்குச் சுற்றில் இராஜபாளையத்தில் என் கணவரின் வங்கி நண்பர் வீட்டிலும், சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டிலும், கோவில்பட்டியில் என்னோடு ஆசிரியப் பயிற்சி படித்த தோழி வீட்டிலும் தங்கினோம். அண்ணன் வீட்டில் இருந்தது தரையோடு பதித்த கழிப்பறை. எனக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் உட்கார்ந்தால் எழ முடியாது. இப்படிப்பட்ட காரணத்துக்காகவே சொந்த ஊருக்குப் போவதை நிறுத்திவிட்ட பெண்கள் பலரை எனக்குத் தெரியும். வெளியே காரணம் சொல்லக் கூச்சப்பட்டு, வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிப்பார்கள். மருத்துவச் சாதனங்கள் விற்கும் கடைகளில் மடக்கி வைக்கக்கூடிய கமோடு சேர் கிடைக்கிறது. காரின் டிக்கியில் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். அதைக் கொண்டு போனதால் அண்ணன் வீட்டில் நிம்மதியாக இரவு தங்க முடிந்தது. நாங்கள் கிளம்பும்போது அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று கடையின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். வழியில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவதும் பெண்களிடம் இருக்கும் பழக்கம். நீர்க்கடுப்பும் தொற்றும் அதனாலும் வருகின்றன. பெட்ரோல் போடுவதற்கென்று நிறுத்தும்போதே பங்கில் கேட்டுப் போய்வந்துவிட வேண்டும்.

கிழக்கே சிவகங்கைப் பக்கம் போனது ஒரு துக்க வீட்டுக்கு. என்னோடு பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்த டீச்சரின் கணவர் ஐப்பசியில் தவறிவிட்டார். நாங்கள் அப்போது வெளியூரில் இருந்ததால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் போக முடியவில்லை. துக்க வீட்டிலிருந்து நேராக வேறொருவர் வீட்டுக்குப் போவதில்லை, வீடு திரும்பிக் குளித்த பிறகே மற்றது என்பது எங்கள் பக்க வழக்கம். ஆகவே அதை எந்தச் சுற்றோடும் சேர்க்காமல் ஒரு தனி நாளாக வைத்தோம். பூவோ இனிப்போ கொண்டுபோகவில்லை. ஒரு வாரத்துக்கு ஆகும் காய்கறியும், அரிசி பருப்பும், அவர் விரும்பிக் குடிக்கும் காபித்தூளும் வாங்கிப் போனோம்.

பதினாறு நாள் வரை நிறைந்திருக்கும் வீடு அதன் பிறகு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. எல்லோரும் வந்து போன பிறகு வருகிறவர்கள்தான் அப்போது தேவைப்படுகிறார்கள். டீச்சர் எங்களைக் கண்டதும் அழவில்லை. ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து என் கணவரின் முன்னால் வைத்தார். இறப்புச் சான்றிதழ், கணவரின் ஓய்வூதிய ஆணை, பாஸ்புக்குகள், அஞ்சலகச் சேமிப்புப் பத்திரங்கள், மின் இணைப்பு அட்டை என எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றை என் கணவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு எவை, வங்கிக்கு எவை, நாமினி போட்டிருப்பவை எவை, போடாதவை எவை என்று தனித்தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் எந்த அலுவலகம் என்று எழுதிக் கொடுத்தார். நாமினி இல்லாதவற்றுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். வங்கியில் வேலை பார்த்தவர், வருவாய்த் துறையில் இருந்தவர், மருந்துக் கடை நடத்தியவர் என்று ஓய்வு பெற்ற ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கைவசத் தொழில் இருக்கிறது. சொந்தபந்தங்களுக்குப் பலகாரப் பையைக் காட்டிலும் அது பெரிய உதவி. விடைபெறும்போது, வழக்கப்படி “போய் வருகிறோம்” என்று சொல்லாமல் எழுந்து நடந்தோம். மறுநாள் காலையிலேயே நான் அவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன்.

மாசியில் மேற்கே கிளம்பிய அன்று விடிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை வாங்கினோம். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த பூ, மாசியில் மெல்ல இறங்கிவிடும். கட்டிய சரமாக வாங்காமல் உதிரி மொட்டாகவே வாங்கி, வாழையிலையில் பொதிந்து, ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கி, தேனி வழியாக உத்தமபாளையத்தில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. சித்திக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது, காது மந்தம். மொட்டுகளை ஒரு முறத்தில் கொட்டி, வாழை நாரை நனைத்து வைத்ததும், அவர் கை தானாகவே பூத்தொடுக்க ஆரம்பித்துவிட்டது. நான் தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வெளிச்சம் என் முகத்தில் படும்படி அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசினேன். காது மந்தமானவர்கள் பாதியை நம் வாயசைவில்தான் பிடிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி சொன்னார்: “என்னத்தா, உன் மகன் கல்யாணத்துல நீ என்கிட்ட அம்புட்டு நேரம் பேசுனியே, ஒண்ணும் எனக்குக் காதுல விழுகல. சும்மா சிரிச்சு வச்சேன்.”

நான்கு விரல்களில் நாரைச் சுற்றி, இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி என்று வைத்து முடிச்சிட்டுக்கொண்டே அன்று அவர் பேசியது மதியம் வரை நீண்டது. நான் கொண்டுபோயிருந்த பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். பெரியகுளத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. என் அம்மாவும் சித்தியும் பாவாடை தாவணியில் நிற்க, நடுவில் ஒரு சிறுமி. அவள் யார் என்று எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாது. சித்தி படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, தங்களுக்குப் பிறகு பிறந்து, பத்து வயது நிரம்புவதற்குள் காய்ச்சலில் இறந்துபோன தங்கை என்றார். அவள் பெயரைச் சொன்னார், அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சொன்னார், அந்தப் பாவாடையின் நிறத்தைச் சொன்னார். என் அம்மா ஒரு நாளும் இதைப் பேசியதில்லை. அங்கேயே படத்தின் பின்புறம் பென்சிலால் மூவரின் பெயரையும் எழுதினேன். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும், பென்சில் ஊறாது. படத்தைக் கைப்பேசியிலும் எடுத்துக்கொண்டு, சித்தியின் அனுமதியோடு அவர் பேச்சையும் பதிவு செய்தேன். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள், பார்க்கப் போகும் வீட்டுக்கு அவற்றை ஒரு உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

பேச்சு வாக்கில், பெரியகுளத்தில் இருக்கும் தன் நாத்தனாரைப் பார்த்து வருடக்கணக்காகிறது என்றார் சித்தி. ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பேருந்தில் ஏற முடியவில்லை, மகனுக்கு நேரமில்லை. மறுநாள் காலையில் அவரை எங்களோடு அழைத்துக்கொண்டு போனோம். தாழ்வான கார் இருக்கையில் வயதானவர்களை ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி, போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்கி, முதலில் பக்கவாட்டில் உட்காரச் செய்து, அதன் பிறகு இரண்டு கால்களையும் ஒருசேர உள்ளே திருப்ப வேண்டும்; போர்வையின் மேல் ஒரு பாலித்தீன் பையை விரித்தால் உடம்பு சுலபமாகத் திரும்பும், ஏறியதும் அதை உருவிவிடலாம். தேனியில் ஒரு இடத்தில் நிறுத்தி, கால் மரத்துப்போகாமல் நாலு எட்டு நடக்க வைத்தோம். பெரியகுளத்தில் அந்த இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் தலையிடாமல் உள்ளே போய் உலை வைத்தோம்.

அதன் பிறகு எங்கள் பயணத் திட்டத்தை அப்படியே மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் கிளம்புவதற்கு முன்பு, “நீங்கள் யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். கோவில்பட்டித் தோழிக்குச் சங்கரன்கோவிலில் ஒரு அக்கா. அண்ணனுக்கு அருப்புக்கோட்டையில், தறி நெய்த காலத்துக் கூட்டாளி ஒருவர். வரும் ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாள்களில் தெற்கே போகும்போது இந்த இரண்டு வீடுகளும் பட்டியலில் இருக்கின்றன. சாமான்களையெல்லாம் டிக்கிக்கு மாற்றிவிட்டு, காரில் ஓர் இருக்கையை அழைத்துப் போகிறவருக்கென்று காலியாக வைத்துக்கொண்டே கிளம்புவோம்.